முதல் தடவை சொன்னபோது

அணியில் எல்லாரும் அவனை வண்டிமாடு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. பதினோரு வருஷமாகச் சைக்கிள் பந்தயத்தில் அவன் பார்த்த வேலை அதுதான். முன்னால் போய் எதிர்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்வான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வரும் தலைவன் கடைசி மேட்டில் களைப்பில்லாமல் பாய்வான். அணியின் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்று கொடுப்பதும் அவன்தான். ஒருநாள்கூட முதல் ஆளாக முடிவுக்கோட்டைத் தொட்டதில்லை.

மூன்று வருஷமாகத் தலைவன் அவனுடைய மனைவியின் தம்பி. மச்சினனை அணிக்குக் கூட்டிவந்ததே இவன்தான். "பையன் மலையில பறக்கறான், ஒரு தடவை பாருங்க" என்று மேனேஜரை நச்சரித்துச் சேர்த்துவிட்டான்.

அந்த வருஷம் பதினைந்து நாள் பந்தயம். பன்னிரண்டாம் நாள் காலையில் மொத்த நேரக் கணக்கில் மச்சினன்தான் முதலிடம். அடுத்தவனைவிட இருபது செகண்ட் முன்னால்.

"நீ முன்னாடி போற கும்பலோட ஒட்டிக்கோ. தேவைப்பட்டா நின்னு இவனை இழுத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

ஒட்டிக்கொண்டான். கூட வந்த நாலு பேரும் மலையில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மலையிறங்கிச் சமதளத்துக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தான். ரோடு காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் மூன்றரை நிமிஷம் பின்னால். கோட்டுக்கு இன்னும் பதினாலு கிலோமீட்டர். எதிர்காற்று அடித்தது. அடித்தால் என்ன, அது அவனுக்குப் பழகின காற்று.

அப்போது காதில் மாட்டியிருந்த ரேடியோவில் மேனேஜர் குரல் வந்தது. "தலைவன் தனியா மாட்டிக்கிட்டான். நம்மாளு ஒருத்தரும் கூட இல்ல. நில்லு."

அவன் மிதித்தான். தொடை எரிந்தது, ஆனாலும் கால் நிற்கவில்லை. தடுப்போரம் நின்றவர்கள் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் பேர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியே ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"காது கேக்குதா இல்லையா? நில்லுன்னேன்."

பிரேக்கைப் பிடித்தான். ஒரு காலை ரோட்டில் ஊன்றி நின்றான்.

ஒரு அம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாச்சுப்பா, செயின் அறுந்துபோச்சா?"

"இல்லம்மா. ஆள் வரணும்."

பின்னாலிருந்து யாரோ அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "போய்யா, ஜெயிச்சுடுவே." அந்தக் கையை விலக்கிவிட்டான். அவனோடு கிளம்பிய நாலு பேரும் அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தன் சிரித்தான்.

மச்சினன் வந்தபோது வாயோரம் நுரை தள்ளியிருந்தது. "மாமா" என்றான், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இவன் முன்னால் போய்க் காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்தான். அன்று கோட்டைத் தொட்டபோது அந்த இருபது செகண்டில் பதினேழு போய் மூன்று மிஞ்சியது. கடைசி நாள் முடிவில் மொத்தப் பந்தயத்தையும் மச்சினன் ஜெயித்தது அந்த மூன்று செகண்டில்தான்.

நின்ற அன்று சாயங்காலமே மனைவி போன் செய்தாள்.

"டிவில பாத்தேன். ஏன் நின்னே?"

"உன் தம்பிக்காகத்தான்."

"அவன் என் தம்பி. நீ என் புருஷன். நான் யாருக்குக் கை தட்டணும்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"



ஒரு மாதம் கழித்து மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த வருஷப் பட்டியலில் அவன் பேர் இல்லை.

"நான் போட்டதில்லப்பா இது. தலைவனுக்கு யார் வேணும்னு கேட்டுத்தான் போடறது. ஏழு பேரைச் சொன்னான், அதுல நீ இல்ல."

மச்சினன் கீழே சைக்கிள் கொட்டகையில் இருந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அந்த ரேடியோ எனக்கும் கேட்டுச்சு. முதல் தடவை சொன்னப்ப நீங்க நிக்கல."

"அப்பறம் நின்னேனேடா."

"நின்னீங்க. இனிமே உங்க பின்னாடி வர்றப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். நிப்பாரா, மாட்டாரான்னு."

பதினோரு வருஷத்தை எடுத்து அவன் முகத்தில் எறியலாம் என்றிருந்தது. ஆனால் பையன் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் இவன் ஜெயிக்கத்தான் பார்த்தான். மச்சினன் தோற்றால் தோற்கட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. 

வீட்டில், மேனேஜர் கழற்றிவிட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னான். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் போய் நிற்க அவனுக்கு மனசில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"டேய், மாமாவைத் தூக்கிட்டாங்களாம். நீ சொன்னா அந்த ஆளு கேப்பாரு. கொஞ்சம் பேசுடா."

"பேசறேன்க்கா" என்று மறுமுனையில் மச்சினன் சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா" என்றாள் அவள். "என் தம்பி விட்டுக்குடுக்க மாட்டான்."

அவன் தலையாட்டிவிட்டு, மிச்சத் துணியை மடிக்க ஆரம்பித்தான்.