மஞ்சத்தண்ணி முசியே

சாட்டை எடுத்தவனெல்லாம் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். முப்பது வயசு வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினான். மறுவாரமே புதுச்சேரியில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டது. முத்தியால்பேட்டையில் ஒரு மாடியறையைப் பிடித்து டுடோரியல் போட்டேன். சாயங்காலமானால் குமாஸ்தாக்கள் பதினைந்து பேர் வந்து உட்காருவார்கள். பாடத்தில் இருந்தவை இருநூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் கவிஞர்களின் கிண்டல் பாட்டுகள். இரண்டிரண்டு அடி, அடிக்கு ஓர் உதை. மந்திரி, பிரபு, பாதிரி, பட்டுடுத்திய சீமாட்டி, ஒருவரையும் விடமாட்டார்கள். சட்டத்துக்கும் சாமிக்கும் பயப்படாதவன்கூட நாலு பேர் சிரிப்புக்குப் பயப்படுவான் என்பது அவர்கள் கட்சி. அதைக் கரும்பலகையில் எழுதி நான் அடிக்கோடு போட்டேன். எழுதும்போதே எனக்கு மீசை துடிக்கும்.

நம்மூரில் உதைக்க ஆளா இல்லை? கலியபெருமாள் இருந்தார். பெரிய அரிசிக் கிடங்கு முதலாளி. அக்டோபர் கடைசிவரை அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். நவம்பர் முதல் தேதி கதர்க் குல்லாயைக் கவிழ்த்துக்கொண்டு, கிடங்கு வாசலில் கொடியேற்றி, சுதந்திரத்துக்காகத் தாம் பட்ட பாட்டை முக்கால் மணி நேரம் சொன்னார். அடப்பாவி மனுஷா, உன்னால் பட்டவர்கள் எதிரே நின்றுகொண்டிருந்தோமே!

அவருக்குப் பிரெஞ்சு வரும், இங்கிலீஷ் வராது. மெட்ராஸிலிருந்து வரும் கடிதங்களை நான்தான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். அவற்றைக் கொண்டுவருகிறவர் கிடங்குப் பியூன் அம்மாவாசை. குருசுக்குப்பத்துக்காரர். கட்டுமரம் கவிழ்ந்து இடுப்பில் அடிபட்டபின் கடலுக்குப் போக முடியாது. அந்தப் பியூன் வேலையில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒருநாள் கடிதத்தை நீட்டிவிட்டு அம்மாவாசை தனக்குத்தானே சிரித்தார். என்னவென்று கேட்டேன். சொன்னார். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, பழைய பிரெஞ்சுக் கொடியைக் கையில் கொடுத்திருக்கிறார். நல்ல பட்டு, எதற்கு வீணாக்க வேண்டும்? நீலப் பக்கத்தை மட்டும் மஞ்சள் தண்ணீரில் முக்கு, பச்சையாகிவிடும். அப்புறம் படுக்கைவாட்டில் திருப்பிக் கட்டு. சிவப்பு மேலே வரும், வெயிலில் வெளுத்த சிவப்புக்கும் காவிக்கும் யார் வித்தியாசம் பார்க்கப்போகிறார்கள்? நடுவில் டம்ளரைக் கவிழ்த்து மையால் ஒரு சக்கரம். அம்மாவாசையின் சம்சாரம் அஞ்சலாட்சிக்கு இரண்டு நாள் கை மஞ்சள் போகவில்லையாம்.

"நிஜமாவா?" என்றேன். அம்மாவாசை சிரித்தபடி தலையாட்டினார்.

எனக்கு அதற்குமேல் தூக்கம் வருமா? பதினாலு ஈரடி எழுதினேன். பெயர் சொல்லாமல் குற்றத்தை மட்டும் அடிப்பதுதான் லண்டன்காரர்கள் வழக்கம். நானும் பெயர் சொல்லவில்லை, என் பெயரையும் போடவில்லை.

*மஞ்சள் கரைத்தார், நீலத்தை முக்கினார் முசியே;*
*கொஞ்சம் வெயில் பட்டதும் வெளுத்ததே சாயமே!*

கடலூரில் ஒற்றைத் தாளாக அச்சடித்து வந்து மார்க்கெட்டில் கிடைத்த சுவரிலெல்லாம் ஒட்டினேன். ஊர் கலியபெருமாளுக்கு 'மஞ்சத்தண்ணி முசியே' என்று பேர் வைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காய்கறிக்காரி சொன்னாள், நாவிதர் சொன்னார், என் மாணவர்கள் என்னிடமே சொன்னார்கள். கலியபெருமாள் மூன்று நாள் வாசற்கதவைத் திறக்கவில்லை. உலகத்தையே திருத்திவிட்ட மாதிரி நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நாலாம் நாள் அவர் வெளியே வந்தார். கிடங்கு வாசலில் ஊரைக் கூட்டினார். ஆமாம், அது சாயக்கொடிதான் என்று ஒப்புக்கொண்டார். தாம் புதுக் கதர்க்கொடி வாங்கித் தந்ததாகவும், அதைப் பியூன் அம்மாவாசை எங்கோ விற்றுவிட்டு இந்தக் கந்தலைக் கட்டித் தேசத்தையே அவமானப்படுத்திவிட்டதாகவும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸில் கொடுக்காதது பிள்ளைகுட்டிக்காரன் என்கிற இரக்கத்தாலாம். அன்றே சீட்டைக் கிழித்தார்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? அதே வாயால் இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தது. அவ்வளவு நல்ல பட்டப்பெயரை வீணாக்க யாருக்கு மனசு வரும்? 'மஞ்சத்தண்ணி முசியே' இப்போது அம்மாவாசை. மீன்கூடை தூக்கத் தொடங்கிய அஞ்சலாட்சியைத் தெருவில் நிறுத்தி, "மஞ்சத்தண்ணி, வஞ்சிரம் என்ன விலை?" என்றார்கள். என் பாட்டைத்தான் பாடினார்கள், ஓர் அட்சரம் பிசகாமல்.

அம்மாவாசை என்னிடம் வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும்வரை நின்றார்.

"நான் திருடல சார். தெரிஞ்சவங்க யாராவது ஒரு வார்த்த சொன்னா போதும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். மனு கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இப்போதெல்லாம் மனு இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பு என்று அவருக்குச் சொல்லி, முதலாளி பேருக்கே இரண்டு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு இங்கிலீஷ் எழுதியதில்லை. இரண்டு பக்கத்தில் இல்லாத ஒரே வரி, பாட்டு என்னுடையது, கதையை அதற்கு முன்பே அவர் வாயால் கேட்டவன் நான் என்பதுதான்.

இரண்டு நாளில் கலியபெருமாள் எனக்கு ஆள் அனுப்பினார். ஒரு கடிதம் வந்திருக்கிறது, படித்துச் சொல்லவேண்டுமாம். போனால், என் மனு! இங்கிலீஷில் எழுதினால் அது யார் கைக்கு வந்து சேரும் என்று யோசித்தேனா நான்? என் எழுத்தை நானே தமிழாக்கி அவருக்குப் படித்தேன். நடுவில் ஒரு பழமொழி வைத்திருந்தேன்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு எழுதியிருக்குதுங்க."

"எய்தவன் யாரு, வாத்தியாரே?"

சொல்லியிருக்கலாம். கையில் மனு இருந்தது, எதிரில் ஆள் இருந்தார், கேள்வியும் கேட்டாகிவிட்டது.

"தெரியலிங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இந்த இங்கிலீஷ் இந்த ஊர்ல ஒரு ஆளுக்குத்தான் வரும். பாட்டும் நல்லாத்தான் இருந்துது. விடுங்க. அடுத்த மாசம் டெல்லியிலேருந்து ஒரு பெரிய மனுஷர் வராரு. வரவேற்புப் பத்திரம் நீங்கதான் எழுதணும்."

எழுதினேன், ஐயா. அதுவும் இரண்டிரண்டு அடியாகவே. அதற்குப் பிறகு அவர் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வாழ்த்துப்பா என்னுடையதுதான். அம்மாவாசைக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வேறு கடைக்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை.

அறுபத்திரண்டு ஆகஸ்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. தியாகி கலியபெருமாளுக்கு ஒரு கூட்டத்தில் பொன்னாடை. என் வாழ்த்துப்பாவை நானே வாசித்தேன். கை தட்டினார்கள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் குருசுக்குப்பம் பக்கம் நடந்தேன்.

அம்மாவாசை மணலில் உட்கார்ந்து அடுத்தவன் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி உள்ளே இருந்து ஒருதரம் எட்டிப்பார்த்தாள். கூடை சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி போயிருந்தது.

"அந்தப் பாட்டு நான் எழுதுனது, அம்மாவாசை."

"தெரியும் சார். உங்க ஒருத்தர்கிட்டத்தான சொன்னேன்."

எட்டு வருஷமாகத் தெரியும். சீட்டைக் கிழித்தபோதுகூட முதலாளியிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். வெட்கம் கெட்டவன், வாதாடினேன். "நிஜமான்னு கேட்டப்ப நீதான தலையாட்டின?"

அம்மாவாசை வலையைக் கீழே வைத்தார். கோபமே இல்லை அவர் குரலில்.

"கெடா வெட்டுறதுக்கு முந்தி மஞ்சத்தண்ணி தெளிக்கிறோம். அது தலைய சிலுப்புனா, சம்மதம் குடுத்துருச்சின்னு வெட்டுறோம். அதுக்குக் குளிருது சார், அவ்ளோதான்."