சங்குக்குத் தைத்த தலையணை

தண்ணீர் லாரி வந்து நின்றதும் தெருவே குடங்களோடு ஓடியது. அவளும் ஓடினாள். ஆனால் அவள் போய் நின்றதும் முன்னால் இருந்தவர்கள் நெருங்கிக்கொண்டார்கள், பின்னால் இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். வரிசையின் நடுவில் தனித்தீவு மாதிரி நின்றாள்.

"டேம்காரிக்கு எதுக்குங்க குடம்? ஊருக்கே வேண்டிய தண்ணி அவ கையிலதானே இருந்துச்சு" என்றார் பால்காரர்.

இரண்டு பேர் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவியைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரமாகச் சேற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்ததாம்.

"நீ பட்டனை அமுக்குனியா இல்லியா? அதை மட்டும் சொல்லு" என்றார் அவர்.

"அமுக்கினேண்ணே. சத்தியமா அமுக்கினேன்."

"அப்போ நாங்க அத்தனை பேரும் செவிடா?"

வெள்ளம் வடிந்த நாளிலிருந்து தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் இதையேதான் கேட்டார்கள். அவளும் இதையேதான் சொன்னாள். குடம் நிரம்பாமலே திரும்பினாள். எதிர்வீட்டு வாசலில் இரட்டைப் பிள்ளைகளில் மிஞ்சிய ஒருத்தி உட்கார்ந்து, சேறு படிந்த இரண்டு ஜோடிச் செருப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் அவள் தலையை நிமிர்த்துவதே இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஊருக்கு மேலே இருக்கும் அணையின் கட்டுப்பாட்டு அறையில். மதகுகளை ஏற்றி இறக்குவதும், தண்ணீர் திறக்கும் முன் அபாயச் சங்கை ஒலிக்கவிடுவதும் அந்த அறையில் இருப்பவர்களின் பொறுப்பு. தெருவிலேயே உயரமான வீடு என்று சங்கின் ஒலிபெருக்கியை அவள் மாமனார் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கம்பம் நட்டுப் பொருத்தினார்கள். ஏற்பாடு செய்தவளே அவள்தான். அன்றைக்கே மாமியார் ஒரு போடு போட்டாள்: "ஊர்ல மருமகளுங்க பீரோ கட்டில்னு கொண்டு வருவாளுங்க. நமக்கு வாய்ச்சவ சங்கு கொண்டு வந்திருக்கா."

கீழே மெத்தைக் கடை, மேலே வீடு. அணைக் குடியிருப்புக்கு மெத்தை இறக்க வந்தவன்தான் அவளுடைய கணவன். "இந்த மெத்தையில படுத்தா கெட்ட கனவே வராதுங்க, வந்தா மெத்தையை மாத்தித் தரோம், கனவு பிடிச்சிருந்தா ஆளையே தரோம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் காது சிவக்க நின்றவன். இப்போது அவளிடம் அவன் நேராகப் பேசி எத்தனை நாளாயிற்று என்று அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். எது சொல்வதென்றாலும் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

இன்றும் அப்படித்தான். குடத்தை இறக்கி வைத்தபோது அவளுடைய பெட்டி மாடிப்படி ஓரத்தில் கட்டித் தயாராக இருந்தது.

"பெரிய இன்ஜினியர் ஜீப்புல வராராம், விசாரிக்க. திரும்பிப் போகும்போது அதிலேயே குவார்ட்டர்ஸுக்குப் போயிடலாம்" என்றான் சுவரிடம்.

"யாரு போயிடலாம்?"

அவன் குனிந்து பெட்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினான்.

"நான் கொன்னேன்னு நீயும் நம்புறியா?"

அவன் கடைக்குள் போய் நனைந்த மெத்தை ஒன்றின் முனையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். பஞ்சு குடித்த தண்ணீர் இன்னும் வடிந்து முடியவில்லை. நனைந்த மெத்தை என்ன கனம் கனக்கும் என்று இந்த வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தன்று மதியம் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்ததும், மெத்தைகளை மேலே ஏற்றலாம் என்று மாமனார் மட்டும் இறங்கினார். அடுக்கு சரிந்தது. ஊறிய மெத்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கதவை அடைத்துக்கொண்டன. வெளியூர் போயிருந்த மகன் வந்து கதவை உடைக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தூக்கத்துக்குப் பஞ்சடைத்தவர் பஞ்சுக்கு அடியிலேயே போய்விட்டார்.

போவதற்கு முன் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பட்டனை அழுத்தியது நிஜம். கட்டுப்பாட்டு அறையில் பச்சை விளக்கு எரிந்ததும் நிஜம். அப்படியானால் சங்கின் சத்தம் எங்கே போயிற்று? மாடி ஏறி, தொட்டியின் இரும்பு ஏணியிலும் ஏறினாள். ஒலிபெருக்கி மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையை விலக்கினாள்.

அதன் வாய்க்குள் ஒரு தலையணை இருந்தது.

கிழிசலைச் சுருட்டித் திணித்ததல்ல. அளவெடுத்து வட்டமாகத் தைத்து, பஞ்சை இறுக அடைத்து, பின்பக்கம் நாடா வைத்துக் கட்டிய தலையணை. சங்குக்கென்றே தைத்தது. விளிம்பில் ஒன்றுவிட்டு ஒன்று சாய்ந்து ஓடும் தையலைப் பார்த்ததும் நாடாவை அவிழ்த்து அதை வெளியே உருவினாள். அந்தத் தையலின் மேல்தான் அவள் தினமும் தலை வைத்துப் படுக்கிறாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

கீழே மாமியார் நின்றிருந்தாள். இடுப்பில் சொருகிய சேலை, முழங்கை வரை சேறு.

"அத்தை... இதை எதுக்குப் பண்ணீங்க?"

"எதுக்கா? மதகுக்கு எண்ணெய் போட்டாலும் சங்கு, கால் அடி தூக்கினாலும் சங்கு. உன் மாமனார் நெஞ்சுவலிக்காரர். அதிர்ச்சியே கூடாதுன்னு டாக்டர் சொன்னது உன் முன்னாடிதானே? மத்தியானம் கண்ணசந்தா போதும், உன் சனியன் தலைக்கு மேல கத்தும். மனுஷன் வாரிச்சுருட்டிக்கிட்டு எழுந்து நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காருவாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலையா? வாய் வலிக்கச் சொன்னேன்டி. 'ரூல்ஸ் அத்தை, ரூல்ஸ் அத்தை'ன்ன. உன் ரூல்ஸுக்கு ஒரு தலையணை தைச்சேன். இந்த மழைக்காலம் பூரா நிம்மதியா தூங்கினாரு." குரல் ஓரிடத்தில் உடைந்தது. அதை உடனே தூக்கி நிறுத்திக்கொண்டாள். "போ. தெருவுக்கே காட்டு. உன் பேரு சுத்தமாயிடும்."

அவள் பதில் சொல்லுமுன் வாசலில் ஜீப் வந்து நின்றது.

பெரிய இன்ஜினியர் பளபளவென்று ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். சேற்றில் கால் வைக்க இடம் தேடி, கடைசியில் இவர்கள் வீட்டுப் படியில் ஏறி நின்றுகொண்டார். தெரு மொத்தமும் படியைச் சூழ்ந்தது.

"சங்கு ஊதலைன்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கீங்க. இப்பவே டெஸ்ட் பண்ணிடுவோம்" என்று கைபேசியில் அணைக்குச் சொன்னார்.

மாடியில் தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த அவளுக்கு, "வேண்டாம் சார்" என்று கத்தக்கூட நேரமில்லை. தலைக்கு மேலே சங்கு வெடித்தது.

அந்தத் தெரு அப்படி ஒரு சத்தத்தை அந்த மழைக்காலத்தில் கேட்டதே இல்லை. குடங்கள் உருண்டன. பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு யார் வீட்டு மாடியென்று பாராமல் ஏறினார். எதிர்வீட்டுக்காரி மகளைத் தூக்கிக்கொண்டு ஓட, குழந்தை செருப்பைக் கேட்டு அலறியது. சங்கு ஓய்ந்த பிறகும் யாரும் கீழே இறங்கவில்லை. தையல்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். ஓடிக் காப்பாற்ற அவருக்கு யாரும் மிச்சமில்லை.

"இவ்ளோ சத்தமா?" என்றார் மெதுவாக. "இது அன்னிக்குக் கேட்டிருந்தா மாடிக்கு ஏறியிருப்பாளே."

இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். உறை விலகிக் கிடந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார். நொடியில் கணக்குப் போட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இறங்கி வாம்மா. அதைக் கொண்டு வா."

இறங்கி வந்தாள். மாடிகளிலிருந்து தெருவும் ஒவ்வொருவராக இறங்கி வந்தது.

"பாத்தீங்களா?" இன்ஜினியர் தலையணையை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அவர் குரலில் இருந்தது கோபமல்ல, சந்தோஷம். "கவர்மென்ட் சங்கு வைக்குது, நீங்களே பஞ்சை வெச்சு அடைக்கிறீங்க. அப்புறம் டேம் கொன்னுடுச்சுன்னு ஒப்பாரி. இனி எங்க மேல ஒரு விரல் நீட்ட முடியாது." பிறகு அவள் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், "நீ தப்பிச்சம்மா. நானும்தான்" என்றார்.

அந்த 'நானும்தான்' கேட்டு அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"யாரு அடைச்சது? இது உங்க வீட்டு மாடிதானே?" என்று நிமிர்ந்து கேட்டார்.

தெருவே அவள் வாயைப் பார்த்தது. கணவனும் பார்த்தான். பல நாளைக்குப் பிறகு சுவரை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் பெட்டி மறுபடி மாடி ஏறிவிடும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளை என்ன கேக்குறீங்க? நான் தைச்சேன்." மாமியார் படியிறங்கி நடுத்தெருவுக்கு வந்தாள். "எம் புருஷன் தூங்கணும்னு நான்தான் தைச்சேன். நானே ஏறி நானே கட்டினேன்."

எங்கிருந்தோ ஒரு சேற்று உருண்டை வந்து மாமியார் தோளில் விழுந்தது. இன்னொன்று. "பாவி! எம் புள்ளையைக் கொன்னுட்டியேடி!" என்று எதிர்வீட்டுக்காரி பாய்ந்து வந்தாள். மகன் குறுக்கே விழுந்து தடுத்தான். மாமியார் தோளைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"எறிங்க. எனக்கு வேண்டியதுதான்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "என்னடி பாக்குற? காட்டிக் குடுக்காம விட்டா உன் காலைப் பிடிப்பேன்னு நினைச்சியா? உன் தயவு எனக்கு வேண்டாம். என் பங்கை நான் சொல்லிட்டேன். இப்ப உன் பங்கைச் சொல்லு."

"என் பங்கா? நான் அமுக்கினேன் அத்தை. நீங்களே இப்பப் பாத்தீங்க."

"அமுக்கின. எப்போ அமுக்கின?"

இத்தனை நாளில் யாருமே கேட்காத கேள்வி. அமுக்கினாயா என்றுதான் தெரு கேட்டது. அமுக்கினேன் என்ற சொல்லுக்குப் பின்னால் அவள் ஒளிந்திருக்கிறாள் என்று, கூடவே வாழ்ந்த பகையாளிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"என்னம்மா கேள்வி இது? நேரமாச்சு, ஏறும்மா ஜீப்புல" என்றார் இன்ஜினியர்.

அவள் ஏறவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றது. காலில் ஒன்று தன் செருப்பு, மற்றது அக்காளுடையது. அவள் அந்தக் கால்களையே பார்த்தாள்.

"மதகு எல்லாத்தையும் தூக்கினப்புறம்" என்றாள்.

"உளறாதே!"

"தூக்கினப்புறம்தான் அமுக்கினேன். அதுக்கு ரெண்டு நாள் முந்தியே டேம் ரொம்பிடுச்சு. மேல மழை கொட்டுதுன்னு சேதி மேல சேதி வந்துச்சு. அப்பவே கொஞ்சம் கொஞ்சமா விட்டிருந்தா இந்தத் தெருவுல கணுக்கால்கூட நனைஞ்சிருக்காது. சார் வேண்டாம்னுட்டாரு. நிறைஞ்ச டேமைப் பாக்க மந்திரி வராரு, படகு விடுற விழா, ஒரு அங்குலம்கூடக் குறையக்கூடாதுன்னுட்டாரு. அப்புறம் தண்ணி மேல வழியப் போகுதுன்னதும், உயிர் பயத்துல எல்லா மதகையும் ஒண்ணாத் தூக்கச் சொன்னாரு. சங்கை அமுக்கட்டுமான்னு கேட்டேன். 'இரு, ஜனங்க கலவரமாவாங்க, நான் சொல்றப்ப அமுக்கு'ன்னாரு. நானும் இருந்தேன். வேலை போயிடுமேன்னு இருந்தேன்."

தெரு இப்போது யாரை அடிப்பதென்று தெரியாமல் நின்றது.

"அப்போ சங்கு கேட்டிருந்தாலும்..." என்று தொடங்கிய தையல்காரர் பாதியில் நிறுத்தினார்.

"கேட்டிருந்தா மாடி ஏற நேரம் இருந்திருக்கும்ணே. மாடி ஏற மட்டும்."

தையல்காரர் குனிந்தார். கை நிறைய சேற்றை அள்ளினார். முதல் பிடி அவள் நெற்றியில் விழுந்தது. அவள் நகரவில்லை. இரண்டாவது பிடி இன்ஜினியரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதன் பிறகு யார் எறிந்தார்கள், எத்தனை எறிந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜீப் பின்பக்கமாகவே ஓடி முனை திரும்பியது. "உன் வேலை காலி!" என்ற குரல் மட்டும் சேற்றோடு சேற்றாகத் தெருவில் விழுந்தது. தலையணை கால்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

கூட்டம் அவளைச் சுற்றி விலகிக் கலைந்தது. பெட்டி வாசலுக்கு வந்திருந்தது. ஜீப்பில் ஏற்றுவதற்காகக் கணவன் கொண்டு வந்து வைத்தது. அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றான். சுவரிடம் அல்ல, அவளிடமே. "அப்பாகிட்ட மேல இருங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவன் பெட்டியை உள்ளே எடுத்துப் போகவுமில்லை, வெளியே தள்ளவுமில்லை. அது வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்க, அதைத் தாண்டிப் போய்விட்டான்.

அவள் நெற்றிச் சேற்றைப் புறங்கையால் வழித்துவிட்டு அங்கேயே நின்றாள். கடைக்குள்ளிருந்து முனகல் சத்தம் வந்தது. மாமியார் நனைந்த இரட்டை மெத்தை ஒன்றைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"ஏய் டேம்காரி! வேலையும் போச்சு, என்ன வேடிக்கை? வந்து ஒரு முனையைப் பிடி." மூச்சு வாங்கியது. "மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே."

அவள் பெட்டியைத் தாண்டி உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"நானும் மன்னிக்கல அத்தை" என்றாள். "தூக்குங்க."