முந்தைய நிலை

நான்கு திருகுகளில் மூன்று கழன்று வந்துவிட்டன. நான்காவது வருவேனா என்றது. ஸ்டூலில் ஏறி நின்று ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் அழுத்தித் திருகினேன். திருகின் தலை மழுங்கியதே தவிர தகடு அசையவில்லை. வெளியே ஆடிக் காற்று ஷெட்டின் தகரக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. போடியில் இந்தக் காற்றை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு மட்டும் என்னைத் திட்டுவதற்கென்றே மலையிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஆய்வு அதிகாரி ஆதித்தன் வந்துவிடுவார். அதற்குள் இந்தத் தகடு இங்கே இருந்த தடம்கூட இருக்கக் கூடாது.

இரண்டு உள்ளங்கை அகலத்தில் எவர்சில்வர் தகடு. தேனியில் எழுத்து வெட்டி வாங்கியது. மேலே ஒரு சிலுவை, அதன் கீழே வேதவசனம், அதற்கும் கீழே ‘மார்ச் 9’ என்று தேதி, சபை ஆயரின் பெயர், பிறகு முத்துராஜா என்று என் பெயர், மகிமா என்று என் மனைவியின் பெயர், கடைசி வரியில் ‘வடிவமைப்பு: ராஜமணி, பழனிசெட்டிபட்டி’. எங்கள் குடும்பத்தில் ஆயர் வந்து ஜெபம் பண்ணாமல் தையல் மிஷின்கூட ஓடாது. ஜெபம் பண்ணினால் போதாது, தேதியைப் பொறித்து மாட்டவும் வேண்டும். ஊரில் மற்றவர்கள் புது மிஷினுக்குச் சந்தனம் தடவுகிறார்கள், நாலு நாளில் உதிர்ந்துபோகிறது. நாங்கள்தான் எவர்சில்வரில் வெட்டித் திருகு போட்டு முடுக்கி வைக்கிறோம், பின்னால் யாராவது அதிகாரி வந்து படித்துப் பார்க்க வசதியாக.

எங்களுக்கு இலவம் பஞ்சுத் தொழில். வருசநாட்டிலிருந்து லாரியில் காய் வரும். உடைத்து, காயவைத்து, பஞ்சிலிருந்து விதையைப் பிரித்து, தலையணை மெத்தை தைப்பவர்களுக்கு அனுப்புவோம். விதையைப் பிரிக்க இத்தனை வருஷமும் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வலை அடித்த அறைக்குள் நாலு பெண்களை விட்டுக் கதவைச் சாத்தி, பஞ்சைக் குச்சியால் அடிக்கச் சொல்வது. கதவைத் திறந்து வைத்தால் சரக்கு காற்றில் போகும், சாத்தி வைத்தால் அவர்கள் நெஞ்சுக்குள் போகும். முகத்தில் எத்தனை சுற்று துணி கட்டினாலும் தூசி எங்காவது வழி கண்டுபிடித்துவிடும். பூமாரியக்கா பதினோரு வருஷம் அந்த அறையில் அடித்தவர். அவர் வேலைக்கு வருவது தெருமுனையிலேயே இருமல் சத்தத்தில் தெரிந்துவிடும். டாக்டர் இரண்டு தடவை அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். போகாமல் என்ன செய்வார்? மறுநாள் காலை எட்டு மணிக்கு குச்சியோடு உள்ளே போனார்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ராஜமணியிடம் போனேன். லேத் பட்டறை வைத்திருக்கிறான், என்னைவிடப் பத்து வயது சின்னவன், எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான். மூடிய டிரம், அதற்குள் இரும்புப் பற்களுக்குப் பதிலாக லாரி டயர் ரப்பரில் வெட்டிய துடுப்புகள், விதை கீழே விழும், பஞ்சு குழாய் வழியே பைக்குப் போகும், தூசியை உறிஞ்சித் தண்ணீர்த் தொட்டிக்குள் விடும். ஏழு மாதம் இழுத்தது. புதுமை செய்கிற சிறு தொழில்களுக்கு அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, அதற்கு நடுவில் ஜனவரியிலேயே விண்ணப்பம் போட்டோம். ‘தங்கள் கண்டுபிடிப்பின் புதுமை யாது?’ என்று கேட்டு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். “இருமல் வராதுன்னு எழுதுங்கண்ணே, வேற என்னத்த எழுத?” என்றான் ராஜமணி. நான் என்னென்னவோ எழுதி அரைப் பக்கத்தையும் நிரப்பினேன்.

மார்ச் பிறந்தது, காய் வர ஆரம்பித்துவிட்டது, ஒப்புதல் கடிதம் வரவில்லை. காய் எந்தக் கடிதத்துக்கும் காத்திருக்காது. மிஷின் தயாராக நின்றது, மோட்டார் மட்டும் இல்லை. ராஜமணி தன் இரண்டாவது லேத்திலிருந்த மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினான். “கடுதாசி வரட்டும்ணே, புதுசு வாங்கிட்டு இதத் திருப்பிக் குடுங்க” என்றான். அந்த லேத் இன்றைக்கும் மோட்டார் இல்லாமல் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மார்ச் ஒன்பதாம் தேதி ஆயர் வந்து ஜெபித்து, ஸ்விட்சைப் போட்டார். நாலு பெண்களும் முகத்துணி இல்லாமல் நின்று பார்த்தார்கள். ஒரு மாதத்தில் பூமாரியக்காவின் இருமல் நின்றுபோனது. அவர் வந்து பின்னால் நிற்பது தெரியாமல் நான் இரண்டு மூன்று தடவை திடுக்கிட்டிருக்கிறேன்.

கடிதம் ஜூலை இரண்டாம் தேதி வந்தது. மானியம் உண்டு. ஒன்பதாம் பக்கத்தில், ஒப்புதல் தேதிக்கு முன் செய்து முடித்த இயந்திரத்துக்கு மானியம் கிடையாது என்றும் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் சோதனை ஓட்டத்தின் முடிவுகளை இணைக்கச் சொல்லியிருந்தார்கள். ஓடாத மிஷினின் முடிவை எங்கே போய் வாங்குவது என்று அதில் இல்லை. நான் ஒன்பதாம் பக்கத்தைச் சரியாகப் படிக்கவுமில்லை. அது என் லட்சணம்.

முந்தின நாள் மானியத்துக்காக ஆய்வுக்கு வந்தவர்தான் ஆதித்தன். முப்பது வயது இருக்காது, சென்னைப் பையன், ஷெட்டுக்குள் வரும்போதே செருப்பைக் கழற்றினார். மிஷினை ஓட்டிக் காட்டினேன். குனிந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், பஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், சூப்பர் சார் என்றார். அப்புறம் நிமிர்ந்தவர் கண்ணில் தகடு பட்டது.

“இது என்ன தேதி சார்?”

“பிரதிஷ்டை பண்ணுன தேதி” என்றேன். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

அவர் பைலை மூடிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். “சார், நான் இதப் பாக்கல. உங்களுக்கு ஹெல்ப் பண்ணணும்னுதான் நினைக்கிறேன். இந்த பிளேட் இருக்கக் கூடாது. முந்தைய நிலைன்னு ஒரு போட்டோ வேணும், பழைய முறையில வேலை நடக்கறது. தேதியும் லொகேஷனும் விழுற ஆப்லதான் எடுக்கணும், பழைய போட்டோ செல்லாது. மிஷினை மூடி வைங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு வர்றேன். அது இருந்தா நான் எழுதிக் குடுத்துடுவேன்.”

அதாவது, மார்ச்சில் வெளியே வந்த பெண்களை மறுபடி அந்த அறைக்குள் விட வேண்டும். அது முடியாதென்றால் மானியம் இல்லை. மானியம் இல்லையென்றால் ராஜமணியின் மோட்டாரை நான் எந்த முகத்தோடு வைத்துக்கொண்டிருப்பது? மோட்டார் போனால் மிஷின் வெறும் தகர டப்பா, அப்புறம் எல்லா நாளும் அந்த அறைதான். ஒரு நாளா, எல்லா நாளுமா என்று ராத்திரி முழுக்க மனது கணக்குப் போட்டது. விடை தெரிந்த கணக்குதான், ஆனாலும் தூக்கம் வரவில்லை.

நான்காவது திருகைக் கடைசியில் உளி வைத்து அடித்துத்தான் எடுத்தேன். தகட்டின் ஒரு மூலை நெளிந்துவிட்டது. மகிமா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கழட்டிட்டீகளா?”

“கழட்டியாச்சு.”

“ஜெபம் பண்ணுன நாளையும் கழட்டிர முடியுமாக்கும்.”

“ஏம்மா, நான் என்ன கொலையா பண்றேன்? ஊரு உலகத்துல எவன் உள்ளது உள்ளபடி எழுதி வாங்குறான்?”

அவள் கையை நீட்டித் தகட்டை வாங்கி, சேலை முந்தானையால் ஒரு தடவை துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோனாள். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனது கொஞ்சம் லேசாகியிருக்கும். எதற்கும் வழியில்லாமல் ஸ்டூலை எடுத்து இங்கே வைத்தேன், அங்கே வைத்தேன்.

பெண்களிடம் நானே சொன்னேன். சொல்லும்போது பூமாரியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னாலிருந்த மூட்டையைப் பார்த்துச் சொன்னேன். நாலு பேரில் சின்னவளான நாகஜோதிதான் முதலில் வாயைத் திறந்தாள். “குச்சிக்கு எங்கன போறது? அதெல்லாம் போன மாசமே அடுப்புல வச்சாச்சுல்ல.”

“ஒங்களுக்கு இஷ்டமில்லைன்னா வேணாம்க்கா” என்று பூமாரியக்காவிடம் சொன்னேன். இஷ்டமில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அதுதான் உண்மை.

“ஒரு மணி நேரந்தான தம்பி?” என்றார் அவர். “பதினோரு வருசம் கெடந்த ரூமு, வழி தெரியாமயா போயிரும்? இதுக்குப் பயந்தா ராஜமணி மோட்டார எடுத்துட்டுப் போயிருவாக. அப்பறம் தெனமும் இதுதான நமக்கு. போட்டாவ எடுத்துட்டுப் போகட்டும்.”

ராத்திரி முழுக்க நான் போட்ட கணக்கை அவர் நின்ற வாக்கில் போட்டுவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவமானமாக இருந்தது.

அந்த அறை ஐந்து மாதமாகப் பழைய சாக்கு போடுகிற இடமாகியிருந்தது. சாக்குகளை வெளியே இழுத்துப் போட்டு, வலையில் கிழிசல் இருந்த இடத்தைத் தைத்து, நாலு மூட்டை பஞ்சைக் கொட்டி வைத்தோம். மூங்கிலில் குச்சி வெட்டி வந்தேன். வெட்டிய இடம் பளிச்சென்று புதுசாகத் தெரிந்தது. சாம்பலும் எண்ணெயும் குழைத்து நானே உட்கார்ந்து தேய்த்து அழுக்காக்கினேன். மிஷினைப் பெரிய தார்ப்பாயால் மூடினேன். காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது, நாலு மூலைக்கும் கல் வைத்தேன். நடுவில் ராஜமணி போனில் கூப்பிட்டான். “அண்ணே, தகட்டுல எம்பேரு இருக்கு, நெளிச்சுப்புடாதீக.” இல்லப்பா, பத்திரமா இருக்கு என்றேன். அன்றைக்கு அது எத்தனையாவது பொய் என்று தெரியவில்லை.

ஆதித்தன் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தார். தார்ப்பாயைப் பார்த்தார், தகடு இருந்த இடத்தைப் பார்த்தார், போனைக் கையில் எடுத்தார். பெண்கள் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கதவைச் சாத்திக் கொண்டி போட்டேன்.

“சும்மா உக்காந்திருந்தா மேல ரிஜெக்ட் பண்ணிடுவாங்க சார். நிஜமா வேலை நடக்கணும்” என்றார் ஆதித்தன்.

“அடிங்கக்கா” என்று கத்தினேன்.

குச்சிகள் இறங்கின. முதல் நாலைந்து அடியில் பஞ்சு லேசாக எழும்பியது, பத்தாவது அடியில் அறை வெளுத்தது, அதற்கப்புறம் உள்ளே ஆட்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள். ஆதித்தன் வலையோரம் நின்று போனை நீட்டினார், இறக்கினார், மறுபடி நீட்டினார்.

“லொகேஷன் வரல சார், சுத்திட்டே இருக்கு. தகரத்துக்குக் கீழ சில சமயம் இப்படித்தான். அவங்க நிறுத்த வேணாம்.”

முதல் இருமல் கேட்டது. எனக்கு அது யாருடையது என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை. நாலு மாதம் எங்கேயோ போயிருந்துவிட்டு நேராக வீடு திரும்பிய மாதிரி அதே இருமல், அதே இடத்தில் முறிந்து, அதே இடத்தில் இழுத்தது. நான் ஆதித்தனைப் பார்த்தேன். அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசல் பக்கம் நகர்ந்தார். “டூ மினிட்ஸ் சார்” என்றார். அவர் குரலும் ஒரு மாதிரி ஆகியிருந்தது. நானும் அவர் பின்னாலேயே வாசல் வரை ஓடினேன், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும். வெளியே காற்றில் நின்று போனை ஆட்டிப் பார்த்தோம், திரும்பி வந்தோம், மறுபடி போனோம். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ. எங்களுக்குப் பின்னால் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வலைப் பக்கம் வந்ததும் போன் கிணுங்கியது. “வந்துடுச்சு சார்” என்று ஆதித்தன் மூச்சு விட்டார். அப்படியே அடுத்தடுத்து மூன்று படம் எடுத்தார். எடுத்த படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், பைலைத் திறந்து புரட்டினார்.

“விண்ணப்பத்துல தொழிலாளர்கள் நாலு பேர்னுதானே இருக்கு? உள்ள அஞ்சு பேர் இருக்காங்களே.”

வலையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்குள் ஐந்து முக்காடு. பூமாரியக்காவை ஒட்டி நின்றது காலையில் தகட்டைத் துடைத்த பச்சைச் சேலை. குச்சி பிடித்துப் பழக்கமில்லாத கை, மற்றவர்கள் அடித்து முடித்த பிறகு ஒரு நொடி தாமதித்து இறங்கியது.

“அஞ்சாவது ஆள் பேரு சொல்லுங்க சார், சேத்துடறேன்” என்று ஆதித்தன் பேனாவைத் திறந்தார்.

உள்ளே யாரோ இருமினார்கள், இன்னொருவரும் சேர்ந்து இருமினார். இந்தத் தடவை யார் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து குச்சிகளும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. படம் எடுத்தாயிற்று என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.