கிளிஃபின் எட்டு நிமிடம்

என் வீட்டுக்காரர் கிளிஃபுக்குக் கோபப்படவே தெரியாது. அவருக்கும் சேர்த்து இருபத்தைந்து வருடமாக நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் டெஸ்மண்டால் வந்த வினை. 'டிப்டன் ஃபர்னஸ்' என்ற எங்கள் ஊர் ராக் குழுவில் அவன் கிட்டார், கிளிஃப் டிரம்ஸ். 1972இல் வுல்வர்ஹாம்டனில் வாசித்த கச்சேரியை அப்படியே இசைத்தட்டாகப் போட்டார்கள். அதில் கிளிஃப் மட்டும் வாசிக்கும் எட்டு நிமிடத் தனிதான் குழுவுக்கே பெயர் வாங்கித் தந்தது. அந்த நேரத்தில் மற்றவர்கள் மேடைக்குப் பின்னால் போய் பியர் குடிப்பார்கள். எல்லாக் குழுவிலும் அதுதான் வழக்கம். இசைத்தட்டில் அந்தத் தனியின் நடுவே நான்கு விநாடி சத்தமே இருக்காது, பிறகு இடி இறங்கும். அந்த மௌனத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

குழு உடைந்த பின், 1979இல், டெஸ்மண்ட் ஒரு பேட்டியில் குண்டைத் தூக்கிப் போட்டான். மேடையில் பதிவான நாடா கெட்டுவிட்டதாம். அந்தத் தனியை லண்டனில் கூலிக்கு ஆள் வைத்து ஸ்டுடியோவில் வாசிக்கவைத்தார்களாம். நேரடிக் கச்சேரி இசைத்தட்டுகள் பல அப்படி ஒட்டுப்போட்டவைதான் என்பதால் ஊரே நம்பிவிட்டது. கிளிஃப் மறுத்தார். அந்த மௌனம் தன் குச்சி உடைந்ததால் வந்தது என்றார். அதற்கும் சிரித்தார்கள். பப்புக்குப் போனால், "என்ன கிளிஃப், உன் லண்டன் ஆளு வரலையா?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு வருவார். ஆனால் அதன் பிறகு டிரம்ஸைத் தொடவில்லை.

2004இல் ஹீதர் என்ற பெண் ஃபோன் செய்தாள். குழுவின் கச்சேரிகளைத் திரட்டி மூன்று டிவிடியாகத் தொகுக்கிறாளாம். வுல்வர்ஹாம்டன் கச்சேரியின் படச்சுருள் யாரோ ஒருவரின் கராஜில் கிடைத்திருக்கிறது. படம் மட்டும்தான், ஒலி இல்லை. இசைத்தட்டின் ஒலியை அதோடு சேர்க்கப் போகிறாள். கூடவே வரும் சிறு புத்தகத்தில் டெஸ்மண்ட் அந்த லண்டன் கதையை எழுதியிருக்கிறான், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் வந்து பாருங்கள் என்றாள். அச்சில் ஏறிவிட்டால் என் கிளிஃப் காலத்துக்கும் ஏமாற்றுக்காரர்தான். அவர் வரமாட்டேன் என்றார். வியாழக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லண்டன் ரயில் ஏறினேன்.

ஹீதரின் ஸ்டுடியோவில் டெஸ்மண்ட் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். தலைக்குச் சாயம், கழுத்தில் பட்டுத்துணி. ஹீதர் தன் வேலையை விளக்கினாள். சிம்பல் தட்டில் விழும் முதல் அடியைப் படத்திலும் ஒலியிலும் கண்டுபிடித்து ஒன்றாகச் சேர்ப்பாள். வேறு ஆள் வாசித்திருந்தால் அரை நிமிடத்திலேயே கையும் சத்தமும் பிரிந்துவிடும்.

அரை நிமிடம் ஓடியது. இரண்டு நிமிடம் ஓடியது. பிரியவில்லை.

"இவன் தினமும் ஒரே மாதிரிதான் அடிப்பான். அந்த ஆளு அதை அப்படியே காப்பியடிச்சிருப்பான்" என்றான் டெஸ்மண்ட். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

ஐந்தாவது நிமிடத்தில் வலது குச்சி முறிந்து அதன் நுனி பறந்தது. இடது குச்சி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கிளிஃப் அதையும் கீழே போட்டார். ஏனென்று எனக்குத் தெரியும். குச்சிகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரே எடை உள்ளவற்றை ஜோடி சேர்த்து, சிவப்பு நகப்பூச்சில் புள்ளி வைத்துக் கொடுத்து வந்தது நான்தான். ஜோடி பிரிந்த குச்சியால் அவர் வாசிக்கவே மாட்டார். திரையில் குனிந்து பையில் புது ஜோடியைத் தேடினார். ஒலிபெருக்கியிலும் அதே நான்கு விநாடி, ஒரு சத்தமும் இல்லை. குச்சி உடைவதை எந்த லண்டன் ஆளும் காப்பியடிக்க முடியாது.

அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒருவன் வேகமாக மேடைக்கு வந்தான். தோளில் கிட்டார், கையில் பியர் கிளாஸ். தனி முடிந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறான். புதுக் குச்சிகள் இடியாக இறங்கியதும் தூக்கிவாரிப் போட்டு, பியரைக் கால்சட்டையில் கொட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினான்.

ஹீதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்த கிளாஸோட ஓடுறது யாரு டெஸ்மண்ட்? லண்டன் ஆளா?" என்று கேட்டேன்.

அவன் முகம் செத்துவிட்டது. "உன் மேல இருந்த கடுப்புல வாய்க்கு வந்ததச் சொன்னேன் கிளிஃப். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்" என்றான். கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"உக்காரு" என்றார் கிளிஃப். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நீ இத முழுசா கேட்டதில்ல."

டெஸ்மண்ட் உட்கார்ந்தான். முழுவதையும் கேட்டான். தனி முடிந்ததும் திரையில் அரங்கமே எழுந்து நின்றது. இங்கே நானும் ஹீதரும் எழுந்தோம். கடைசியாக அவனும் எழுந்து கை தட்டினான். பிறகு ஹீதரிடம் பேனா வாங்கி, தான் எழுதியிருந்ததைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, நான் அதை மறைக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கிளிஃபின் இரண்டு விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"பெரில், அந்தத் தராசு இன்னும் வேல செய்யுதா?" என்று கேட்டார்.