சுரண்டிய பச்சை வண்ணம்

ஆயுத பூசைக்கு மறுநாள், கீழ் கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலையில், சந்தனம் காயாத மின்பெட்டியை என் மகள் தாரிணி சுரண்டிவிட்டாள் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும், சுரண்டினாள்தான். மின்பொறியாளரான அவளைப் பெற்ற தந்தை நான், தலைநிமிர்ந்தே நடக்கிறேன்.

இலை வாட்டும் தொட்டியின் விசிறிக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஒன்றைச் சென்ற மாதம் அந்த மின்பெட்டிக்குள் அவள் பொருத்தியிருந்தாள். அதன் மின்னிரைச்சல் பிற இயந்திரங்களைக் குழப்பாதிருக்க ஒரு வடிகட்டியும் வைத்தாள். யாவும் சீராக ஓடின. பூசை முடிந்த மறுநாளோ, இலை கிளறிய தெய்வம்மாவின் ஈரக்கை விசிறிக்கூட்டில் பட்டதும் சுரீரென்றது. மாடியில் காம்பு பிரிக்கும் இயந்திரமும் நல்ல தூளைக் காம்பென்று வெளியே தள்ளியது.

"கையுறை போட்டுக்கிட்டுக் கிளறுங்க" என்றார் மேலாளர் குமாரசாமி.

இலை கொடுக்க வந்திருந்த எனக்குச் சினம் மூண்டது. "ஓர் உயிருக்குக் கையுறைதான் காப்போ?"

"ஏனுங்க வாத்தியாரே, விசிறி நின்னா எல செவந்து கெட்டுப் போகுமுங்க. உங்க எலயும் அதுலதானுங்க கெடக்குது!"

"போகட்டும்" என்றேன்.

அதற்குள் தாரிணி மின்சாரத்தை நிறுத்தி, விசைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் இட்டுக்கொண்டாள்.

"தொறந்து பாரு தாயி" என்றார் குமாரசாமி.

"பொறுங்க அண்ணா. நிறுத்தினாலும் உள்ளே கரண்டு தேங்கி நிக்குமுங்க."

காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பின்னரே திறந்தாள். திறந்ததும் சிரித்துவிட்டாள். உள்ளே எங்கும் பளபளக்கும் பச்சை! பூசைக்காக எல்லாவற்றையும் கழற்றி, வண்ணம் தீட்டி, மீண்டும் முடுக்கியிருக்கிறார்கள். வடிகட்டியும் எர்த் எனும் நிலக்கம்பியும் வண்ணத்தின்மேல் அமர்ந்திருந்தன. விசிறிக்கூட்டின் நிலக்கம்பிக்கும் அதே கதி.

"இரும்பும் இரும்பும் தொட்டாத்தானுங்க கசியற கரண்டு மண்ணுக்குப் போகும். நடுவுல பெயிண்ட் மறிச்சுக்குச்சு."

உப்புத்தாளை எடுத்தாள்.

"பூச போட்டதச் சொரண்டலாமுங்களா!" என்று பதறினார் குமாரசாமி.

"சாமி கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வரட்டுமுங்க" என்றபடி, இரண்டு இடத்திலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து முடுக்கினாள். பூட்டை எடுத்து மின்சாரத்தை விட்டாள். மீட்டரால் கூட்டைச் சோதித்தபின், தன் புறங்கையை முதலில் அதன்மேல் வைத்தாள்.

"இப்ப தொடுங்க அக்கா."

தெய்வம்மா ஈரக்கையை வைத்தாள். "ஒண்ணுமே இல்ல புள்ள!"

மாடியிலிருந்தும் நல்ல தூள் நல்ல பக்கமே விழுகிறதென்று குரல் வந்தது. இலை சிவக்கவில்லை. அப்படியே சிவந்திருந்தாலும் நான் வருந்தியிரேன்.

தெய்வம்மா குங்குமத்தோடு பெட்டியை நெருங்கினாள். "சொரண்டின எடத்துல ஒரு பொட்டு வச்சிரவா?"

"அங்க மட்டும் வேண்டாமுங்க அக்கா" என்று மூடியைச் சாத்தினாள் என் மகள். "வெளியே எம்புட்டு வேணும்னாலும் வையுங்க."