பத்துக்கு எத்தனை

"வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க, ஐயா" என்றான் நர்ஸ் லவெல்.

"ரெண்டு."

"பொய்!" போர்வையை மடித்துக்கொண்டிருந்த வெர்னெல் குறுக்கே பாய்ந்தாள். "ஒன்பது!"

"சரி, மூணு" என்றார் ரூஃபஸ், பல்லைக் கடித்தபடி.

"மீன் வியாபாரமா பண்றே, பேரம் பேசறதுக்கு?" என்றாள் அவள்.

காலையில் வீட்டுக்கு வந்த நர்ஸ், புருஷன் சொன்ன ரெண்டைத்தான் எழுதிக்கொண்டு போனாள். பெண்டாட்டி சொன்ன ஒன்பதுக்கு ஒரு மாதிரிச் சிரிப்பு. மருந்துக்கு அலையும் குடும்பம் என்று நினைத்திருப்பாள். வெர்னெலின் அண்ணன் இப்படித்தான் யாரும் நம்பாமல் ஆஸ்பத்திரி நடையில் கதறிக் கதறிச் செத்தான். இவர் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்தாயிற்று; இவரும் அப்படிப் போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் இப்போது அவளுக்குக் கவலை.

மெம்ஃபிஸ் நகரில் தன் சலூனுக்கு முடிவெட்டிக்கொள்ள வந்த பையன்களின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டுத்தான் கத்தரியையே எடுப்பார் ரூஃபஸ். "நல்லாத்தான் இருக்கேன்னு சொல்ற ஆம்பளைதாண்டா நம்ம தெருவுல முதல்ல சாவான்" என்று திட்டுவார். கொஞ்சம் சூட்டிகையான பையன்களை நர்ஸ் படிப்புக்குத் துரத்துவார். அப்படித் துரத்தப்பட்டவன்தான் மாலை முறைக்கு வந்திருக்கும் இந்த லவெல்.

லவெல் பேரத்தில் கலந்துகொள்ளவில்லை. கால்மாட்டில் போர்வையை விலக்கினான். கால் விரல்கள் படுக்கையை இறுகப் பற்றியிருந்தன.

"ஆம்பளை வாய் பொய் சொல்லும், கால் விரலைப் பாருன்னு யாரு சொன்னது ஐயா?"

"எங்கிட்டயேவாடா?"

"உங்ககிட்டயேதான்."

டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தான். "ஒன்பது. ஆமா, நானே பார்த்தேன்." அவ்வளவுதான். தன் வீட்டு வலி ஒரே பேச்சில் செல்லுபடியானதை வெர்னெல் அன்றுதான் பார்த்தாள்.

டாக்டர் சொன்னபடி நாக்கடியில் விட்ட வலி மருந்துச் சொட்டுகளுக்கு ரூஃபஸின் முகம் மெல்லத் தளர்ந்தது.

"சிகரெட்டை விட்டியாடா?"

"விட்டுட்டேன்."

"எங்கே, ஊது."

குனிந்து ஊதினான். ரூஃபஸ் மோந்து பார்த்தார்; கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். வெயில் சாய்வதற்குள், இரண்டு மூச்சுக்கு நடுவில் எங்கேயோ, போய்விட்டார்.

கதறல் எதுவும் இல்லை. வெர்னெலின் தோள்கள் தாமாகவே இறங்கின. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல பசி.

வாசலில் காரை முடுக்காமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தான் லவெல். கீரையும் சோள ரொட்டியும் வைத்த தட்டோடு அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, ஒரு முள்கரண்டியை நீட்டினாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பன்றிக் கொழுப்பு போட்டிருக்கீங்களா, மிஸ் வெர்னெல்?"

"வான்கோழி. ரத்த அழுத்தம் ஏறும்னு அந்த ஆளு பன்றியை விட்டாத்தானே!"

இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். தெருமுனையில் சவ வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பியது. லவெல் காரை மெதுவாகப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டான். கீரைச் சாறு சிந்தாமல் வெர்னெல் தட்டை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.