இன்கோனே படுத்த இடம்

லுண்டி பந்து வீசினால் முதலில் பந்து போகும், சற்றுப் பொறுத்து அதன் தோல் வாசனை போகும். எம்தோஞ்சேனி ஊரார் இதைப் பெருமையாகச் சொல்வதில்லை, ஒரு புகாராகத்தான் சொல்வார்கள். பக்கத்து ஊர் மட்டையாளர் ஒருவர் அவன் பந்தில் போல்டாகி, வீட்டுக்குப் போய், புளித்த பால் குடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, "இன்னும் ஏன் அவன் பந்து போடல" என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் சொன்ன பதில் கிரிக்கெட்டைப் பற்றியதல்ல.

இவ்வளவு வேகம் இருந்தும் லுண்டிக்கு ரன்-அப் அளக்கத் தெரியாது. அளக்க வேண்டிய தேவையே அவனுக்கு வந்ததில்லை.

எம்தோஞ்சேனியில் மைதானமும் மேய்ச்சல் நிலமும் ஒன்றுதான். மாடுகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு. லுண்டி வீட்டு மாடு இன்கோனே கறுப்பு. முதுகெலும்பு நெடுக ஒரு வெள்ளைப் பட்டை, யாரோ பால் சொம்பைச் சாய்த்துக்கொண்டே நடந்து போனதுபோல. ஆட்டம் தொடங்கியதும் அவள் மைதானத்தில் எங்காவது படுத்து அசைபோடுவாள். யாரும் எழுப்ப மாட்டார்கள். லுண்டி அவள் பக்கத்தில் போய் நிற்பான், கொம்புக்கு நடுவே சொறிந்துவிடுவான், அங்கிருந்து ஓடத் தொடங்குவான். அவள் தூரத்தில் படுத்தால் நீண்ட ஓட்டம், கிட்டே படுத்தால் குறுகிய ஓட்டம். எங்கிருந்து ஓடி வந்தாலும் அவன் கால் கோட்டுக்குப் பின்னால்தான் விழுந்தது. ஏன் என்று அவன் யோசித்ததில்லை. மூச்சு விடுகிறவன் மூச்சைப் பற்றி எங்கே யோசிக்கிறான்.

பிறகு அவனை நாட்டு அணிக்கு எடுத்தார்கள். உலகம் சுற்றினான். போன இடமெல்லாம் இன்கோனேயும் வந்தாள்.

வேறு யாருக்கும் அவள் தெரியவில்லை என்பதை லுண்டி சீக்கிரமே புரிந்துகொண்டான். அதனால் அதை யாரிடமும் பேசவில்லை. லண்டனில் மழை வந்தபோது ஆடுகளத்தோடு சேர்த்து அவளையும் தார்ப்பாயால் மூடினார்கள். தார்ப்பாய் நடுவில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் வெயில் பொறுக்காமல் அவள் பெவிலியன் நிழலுக்கே போய்விட்டாள். அன்று அவன் ஓட்டம் கொஞ்சம் வளைந்து வந்தது. ஐந்து விக்கெட் விழுந்தது. அந்த வளைவைப் பற்றி விமர்சகர்கள் வாரக்கணக்கில் எழுதினார்கள். ஒவ்வொரு ஓவருக்கு முன்னும் அவன் குனிந்து காற்றில் எதையோ சொறிவதைப் பார்த்து, தாய்மண்ணை வணங்குகிறான் என்றார்கள். பயிற்சியாளர்கள் நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். "ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு அவன் வேறிடத்துக்கு நடந்து போவான்.

அவன் ஓய்வு பெறுவதாக அறிவித்த கோடைகாலம் டர்பனில்தான் அது நடந்தது. மதிய உணவு முடிந்து லுண்டி அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். இன்கோனே எழுந்தாள். முதலில் பின்னங்கால்கள், பிறகு முன்னங்கால்கள், அவசரமே இல்லாமல். கழுத்தை நீட்டி ஒரே ஒரு முறை கதறினாள். அரங்கத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சைட்ஸ்கிரீனைத் தாண்டி, கடல் இருக்கும் பக்கமாக நடந்து போய்விட்டாள்.

அன்று மாலைவரை லுண்டி வீசியதில் பாதி நோ-பால். நடுவருக்குக் கை நீட்டி நீட்டித் தோள் பிடித்துக்கொண்டது.

தேர்வுக்குழுத் தலைவர் தொலைபேசியில் பக்குவமாகத்தான் பேசினார். "கெபெர்ஹால ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு. அதோட நீங்க ஓய்வுன்னு எல்லாருக்கும் தெரியும். கால் கோட்டுக்குப் பின்னாடி விழுந்தா ஆடிட்டே ஓய்வு பெறலாம். இல்லேன்னா ஒரு பூச்செண்டு குடுத்து, திறந்த கார்ல மைதானத்தைச் சுத்தி வரச் சொல்லி, அழகா அனுப்பி வெச்சிடலாம். பதினாறாம் தேதி உங்க ஊர்ல ஆட்டமாமே. நம்ம ஆள் ஒருத்தர் வந்து பார்ப்பார்."

திறந்த காரை நினைத்துக்கொண்டே லுண்டி தொலைபேசியை வைத்தான். இத்தனை வருஷம் ஓடியவனை உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுவதா. அவன் ஊருக்குப் புறப்பட்டான்.

அக்கா நோக்வேசி வாசலிலேயே நின்றாள். அப்பா அம்மா போன பிறகு வீடு, பட்டி, முன்னோர் காரியம் எல்லாம் அவள் பொறுப்பு. தம்பியைக் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"வா தோலோ. எளைச்சிட்டே. உன் பங்கு எடுத்து வெச்சிருக்கேன்."

"என்ன பங்கு, அக்கா?"

"கறிதான். உனக்காக நன்றிக்கடன் செஞ்சோமே. இவ்ளோ விக்கெட் குடுத்த முன்னோருக்கு நாம ஒண்ணும் செய்யலேன்னு பெரியப்பா கனவுல வந்து கோவிச்சுக்கிட்டார். நீ மேட்ச்ல இருந்தே. போன் பண்ணினா எடுக்கல."

லுண்டியின் கண் பட்டிப் பக்கம் போனது. வாயிற்கம்பத்தின் மேல் புதிதாக ஒரு ஜோடிக் கொம்பு. இடக் கொம்பு நுனியில் அவன் கைக்குப் பழகிய சின்ன மழுக்கல் இருந்தது.

"எந்த மாடு?" என்று கேட்டான், தெரிந்துகொண்டே.

"இன்கோனேதான். கறவையும் நின்னு போச்சு. உனக்குன்னு செய்யும்போது உனக்குப் பிடிச்சதைக் குடுக்காம, கண்டதைக் குடுத்தா அவங்க ஒத்துப்பாங்களா?" அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "என்ன கதறு கதறினா தெரியுமா. மாடு கதறினாத்தானே அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சாம்."

"டர்பன் வரைக்கும் கேட்டுச்சு" என்றான் லுண்டி.

"பார்த்தியா, அவ்ளோ நல்ல சகுனம்" என்றாள் அக்கா. சோளமும் அவரையும் வேகவைத்த கிண்ணத்தின் மேல் கறித்துண்டை வைத்து நீட்டினாள். முன்னோருக்குப் படைத்ததை வேண்டாம் என்று தள்ளக்கூடாது. லுண்டி மென்றான். ரொம்ப நேரம் மென்றான். வயதான மாடு.

பதினாறாம் தேதி ஊரே மைதானத்தில் இருந்தது. கேப்டவுனிலும் ஜோபர்க்கிலும் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். சோளக் கள் வாளி கைமாறிக்கொண்டிருந்தது. எதிரணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். தேர்வுக்குழு ஆள் கறுப்புக் கண்ணாடியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வாளியை இரண்டு முறை மறுத்தார், மூன்றாவது முறை மறுக்கவில்லை.

முதல் ஓவர். லுண்டி எங்கோ நின்று, எங்கிருந்தோ ஓடி வந்தான். நடுவராக நின்ற பாதிரியார் ம்னியாண்டா கை நீட்டினார். மறுபடி ஓடினான். மறுபடி கை.

"டேய் தோலோ" என்றான் விக்கெட் கீப்பர் மோண்டே. ஒரே பருவத்தில் மலைக்குப் போய், பருவச் சடங்கு முடித்து, ஒன்றாக ஆம்பளையாகித் திரும்பியவர்கள் இருவரும்; அவனுக்கு இவனிடம் எதையும் சொல்ல உரிமை உண்டு. "கோடு அங்க இருக்கு. நான் இங்க இருக்கேன். நீ என்னைப் பார்க்க ஓடி வர்றேன்னா என் கடைக்கு வா, டீ குடுக்கிறேன்."

"மாடு இல்லடா."

"என்னது?"

"எனக்கு ரன்-அப்பு கெடையாது. மாடுதான் இருந்துச்சு."

மோண்டே கையுறையைக் கழற்றினான். சிரிப்பான் என்று லுண்டி நினைத்தான். மோண்டே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சாதாரணக் குரலில் விஷயத்தைச் சொன்னான். எம்தோஞ்சேனியில் ஒருவருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. முன்னமே சொல்லியிருந்தால் வேறு மாட்டை வெட்டியிருக்கலாமே என்றுதான் வருத்தப்பட்டார்கள். நோக்வேசி சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

உடனே ஆட்டம் நின்று ஆலோசனை தொடங்கியது. ஒரு செவலைக் கிடாரியைப் பிடித்து வந்து மைதானத்தில் படுக்க வைக்கப் பார்த்தார்கள். அது படுக்கவில்லை, தேர்வுக்குழு ஆளின் தொப்பியைத் தின்றது. சரி, இன்கோனே வழக்கமாகப் படுக்கும் இடத்தில் ஒரு கல்லாவது வைப்போம் என்றார் ஒருவர்.

"முள்மரத்தடியிலதான் படுப்பா."

"யாரு சொன்னா? பாறைக்குக் கீழே. நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"நீ பார்த்தது உங்க மாமியாரை. இன்கோனே படுக்கிறது மேட்டுக்குப் பக்கத்துல."

எதிரணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் அவளால் வருஷக்கணக்கில் அவுட்டானவர்கள், அவர்களுக்கும் பேச உரிமை இருந்தது. குரல் உயர்ந்தது. பாதிரியார் கையை நீட்டி நோ-பால் காட்டினார், பழக்கதோஷத்தில்.

"எல்லாம் சரிதான்" என்றாள் நோக்வேசி மெதுவாக. இவ்வளவு நேரம் பேசாதவள் பேசியதும் கூட்டம் அடங்கியது. "மலைக்காத்து அடிச்சா பாறைக்குக் கீழே போயிடுவா. கடல்காத்துன்னா முள்மரம். காத்தே இல்லேன்னா மேடு. காத்துக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பா, முகத்துல அடிச்சா அவளுக்குப் பிடிக்காது. தினமும் தேடிப் போய்ப் பால் கறந்தவ நான், எனக்குத் தெரியாதா."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லை எங்கே வைப்பது என்ற சண்டை மறுபடி தொடங்கியது. லுண்டி மட்டும் பந்தோடு அங்கிருந்து நழுவி நடந்தான்.

மலைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. சூடாக, காய்ந்த புல் மணத்தோடு. முதுகில் அப்படித் தள்ளினால் ஓடுகிறவனின் எட்டு நீளும்; கொஞ்சம் தள்ளியிருந்துதான் தொடங்க வேண்டும். முகத்தில் அடித்தால் எட்டு சுருங்கும். கிட்டே வர வேண்டும். அவன் இதை யோசிக்கவில்லை, கால்களுக்கு அது முன்பே தெரியும் என்பதுபோல நடந்தான். பிடரியில் காற்றுப் படும் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் போனான். ஓரிடத்தில் காற்று சட்டென்று மெத்தென்றானது. அங்கே புல் வட்டமாக அமுங்கியிருந்தது. உட்கார்ந்தான். பிறகு ஒருக்களித்துப் படுத்தான்.

மேகம் மலையை விட்டிறங்கி மைதானத்துக்கு வந்தது, யாரோ கம்பளியை இழுத்துவிட்டதுபோல. சண்டைச் சத்தம் தூரத்துத் தேனீக்கூட்டமாகச் சுருங்கியது. தரை அவன் விலாவுக்குக் கீழே மெல்ல ஏறி இறங்கியது. காதருகே யாரோ அசைபோடும் சத்தம். ஈரமான, புல் மணக்கிற மூச்சு அவன் கழுத்தில் பட்டது. அவன் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டினான். கொம்புக்கு நடுவே அந்தச் சுழி இருந்தது. சொறிந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"தூங்கறான்" என்றது தேர்வுக்குழு ஆளின் குரல். "எழுதிக்கவா? தூங்கறான்னு?"

"இருங்க" என்றான் மோண்டே. "அவன் இன்னும் எழுந்திருக்கல, அவ்ளோதான்."

லுண்டி எழுந்தான். முதலில் பின்னங்கால் என்று சொல்லும்படியாக, இடுப்பைத் தூக்கி, பிறகு கைகளை ஊன்றி, அவசரமே இல்லாமல். எழுந்து ஓடினான். பாதிரியாரின் கை எழவில்லை. நடு ஸ்டம்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அது எதிரணியின் ஊர் என்பதால் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். மீதி ஆட்டத்தை இரண்டு ஸ்டம்போடு ஆடினார்கள்.

கெபெர்ஹா காற்றுக்குப் பேர்போன ஊர். ஒரே ஓவரில் மூன்று பக்கமிருந்து வீசும். பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பாட்டு பாதி வழியில் திசை மாறி அவர்களுக்கே திரும்பி வந்தது. லுண்டி ஒவ்வொரு ஓவருக்கும் வெவ்வேறு இடத்தில் போய்ப் படுத்தான். முதல் நாள் கூட்டம் சிரித்தது. இரண்டாம் நாள் கொட்டாவி விட்டது. அவன் படுத்தால் அரங்கமே கண் சொருகியது. மட்டையாளர்களுக்கும் கண் சொருகியது என்று சொல்பவர்கள் உண்டு. நோ-பால் ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் நாள் மாலை கடைசி விக்கெட்டும் அவனுக்கே விழுந்தது.

திறந்த கார் தயாராக நின்றது. தலைவர் பூச்செண்டோடு கதவைத் திறந்து பிடித்தார். "வாங்க லுண்டி, ஒரே ஒரு சுத்து."

"நீங்க சுத்திட்டு வாங்க" என்றான் லுண்டி. "நாங்க நடந்து போறோம்."

பூச்செண்டை மட்டும் வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போனான். காற்று அங்கே மெத்தென்றிருந்தது. நாக்கை மேலண்ணத்தில் தட்டி, மாட்டை எழுப்பும் சத்தம் ஒன்று எழுப்பினான். கொஞ்சம் காத்திருந்தான். பூச்செண்டை இடுப்புயரத்தில் நீட்டிப் பிடித்தான். ஒவ்வொரு பூவாகக் குறைந்தது. பிறகு வலது கையை எதன் மீதோ வைத்ததுபோல வைத்துக்கொண்டு, கிழட்டு மாட்டின் நடைக்கு ஈடாக மெதுவாக, வாசல் நோக்கி நடந்தான்.

வாசற்காவலர் லுண்டியின் ஊர்ப்பக்கம், அமாத்தோலே என்ற மலையின் அடிவாரத்துக்காரர். ஒரு ஆள் போவதற்கு ஒரு கதவு போதும். அவர் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.